மாப்பிள்ளையை முன்பே தெரிந்த கம்ப்யூட்டர்

‘ஹ’ என்று ஓர் எழுத்துதான் அடித்தேன். மீதியைக் கம்ப்யூட்டரே சொன்னது.

மணமகன் பெயர் என்று போட்டிருந்த கட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பட்டை இறங்கியது. அதில் ‘ஹென்றி பாஸ்கல்ராஜ்’ என்று முழுப் பெயரும் பிசகில்லாமல் நின்றது. அந்த ஹென்றி பாஸ்கல்ராஜ் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் என் தங்கை மகள் ஜெசிந்தா. அவளுக்குப் பக்கத்தில், மடியில் பிளாஸ்க்கோடு, என் தங்கை ரீட்டா.

ஜெசிந்தாவுக்கும் ஹென்றிக்கும் கல்யாணம் நிச்சயமாகி, ஓலைக்குப் பெயர் கொடுக்க வந்திருந்தார்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும் என்று ஃபாதர் படித்து முடித்ததும் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்பைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தமிழ்ப் பங்குக் கோயில் அலுவலகத்தில் அன்றைக்கும் நான்தான் எல்லாம், இன்றைக்கும் நான்தான்.

“பாத்து அடிக்கா. ஃபாதர் பேர மாத்திப் படிச்சுடப் போறாரு” என்றாள் ரீட்டா.

நான் திரையையே பார்த்தேன். ஹென்றி ஈஜிபுராவில் வாடகை வீட்டில் இருப்பவன். அவனுடையது வேறு பங்கு, வேறு கோயில். அவன் ஓலைக்குப் பெயர் கொடுப்பது இதுதான் முதல் தடவை என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். அப்படியானால் இந்தக் கம்ப்யூட்டருக்கு, அதுவும் மணமகன் கட்டத்தில், அவனை எப்படித் தெரியும்?

“என்னா ஆன்ட்டி, மெஷின் ஸ்லோவா?” என்று ஹென்றி கழுத்தை நீட்டினான்.

“எவனோ ஓசியில போட்டுக் குடுத்துட்டுப் போன சனியன் இது. நான் அன்னிக்கு இங்க இருந்திருந்தா வாசப்படி தாண்ட விட்டிருக்க மாட்டேன். அவன் மட்டும் என் கையில மாட்டட்டும்.”

ஹென்றி டம்ளரைக் கீழே வைத்தான். குனிந்து மேஜைக்கு அடியிலிருந்த சிபியூவைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. அதை உடனே துடைத்துக்கொண்டு, “நல்லாத்தானே ஓடுது” என்று முனகினான்.

அந்தச் சிரிப்பை நான் குறித்துக்கொண்டேன்.

பிளாஸ்திரி போட்ட விளக்கு

இந்தக் கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சில வருஷம் முன்பு பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக நான் லீவில் இருந்தேன். என் இடத்தில் வயதான உபதேசியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அப்போதிருந்த ஃபாதர் யாரோ இளைஞர்களைக் கூப்பிட்டிருக்கிறார். லீவு நாட்களில் பள்ளிக்கூடம், கோயில் என்று போய், பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஓப்பன் சோர்ஸ் என்கிற இலவச மென்பொருள் போட்டுக்கொடுக்கிற கூட்டமாம். காசு வாங்க மாட்டார்களாம். டீகூட வெளியில்தான் குடித்துக்கொள்வார்களாம்.

நான் திரும்பி வந்தபோது திரை வேறு மாதிரி இருந்தது. சிபியூவில் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை ஒட்டியிருந்தது. ஓலைப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு எல்லாம் பிரவுசருக்குள் போய்விட்டிருந்தன.

“இதை எப்படி எழுதியிருக்காங்கன்னு யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம், ஞானம்மா” என்றார் ஃபாதர் பெருமையாக.

“யார் வேணும்னாலும் திறக்கலாம்னா அப்புறம் பூட்டு எதுக்கு ஃபாதர்?”

“எல்லாரும் பாக்கறதாலதான் அதுல திருட்டுத்தனம் நடக்காது.”

எனக்கு அது ஏறவில்லை. கல்யாணப் பதிவேடு வைத்த பீரோவின் சாவியை இடுப்பை விட்டு இறக்காதவள் நான். முன்பின் தெரியாத பையன் சும்மா வந்து, சும்மா வேலை செய்துவிட்டு, சும்மா போவானா? பெங்களூரில் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் வழி சொல்கிறவன்கூட ஆட்டோவுக்கு ஆள் பிடிக்கிறவனாக இருப்பான்.

பிரவுசர் மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒருமுறை முழங்காலுக்குப் பட்டை என்ன விலை என்று பார்த்தேன். பிறகு பஸ் நேரம் பார்த்தாலும் முழங்கால் பட்டை வந்தது, வானிலை பார்த்தாலும் வந்தது, நவநாள் ஜெபம் தேடினாலும் ஓரத்தில் ஒரு முழங்கால் நின்றது. ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போதே அனுமதி கேட்கிறது. மரியாதையாகக் கேட்கிறதே என்று இரக்கப்படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மறுப்புதான் அழுத்துவேன். மறுக்கிற பட்டனை ஏன் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் வைக்கிறார்கள்? அதிலேயே அவர்கள் யோக்கியதை தெரிகிறது.

அதனால் ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தபடி பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து அதில்தான் சகலமும் செய்வேன். அதை மூடினால் நாம் செய்ததையெல்லாம் பிரவுசர் மறந்துவிடும். ஓலைப் பதிவையும் அதில்தான் திறப்பேன். மானிட்டரின் அடியில் ஒரு நீல விளக்கு எரியும். அது கேமரா இல்லை என்று சத்தியம் செய்தார்கள். இருந்தாலும் அதன் மேல் ஒரு பிளாஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் நான் அடித்த மாப்பிள்ளை பெயர் ஒன்றையும் அந்தக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்ததில்லை, வைக்க நான் விட்டதில்லை. அப்படி இருக்க ஹென்றி பெயர் மட்டும் அதில் இருக்கிறது என்றால், நான் இல்லாதபோது யாரோ அவனுக்கு ஓலை எழுதியிருக்கிறார்கள்.

பதிவில் தேடினேன். அவன் பெயரே இல்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. எழுதிப் பிறகு அழித்திருக்கிறார்கள் என்றுதான் பட்டது. அந்த உபதேசியாரைக் கேட்கலாம் என்றால், அவர் காது சுத்தமாகப் போய் சேலத்தில் மகன் வீட்டில் இருந்தார்.

இழுத்துப் பார்க்கிற குடும்பம்

இந்தச் சந்தேகக் குணம் எனக்கு எங்கே இருந்து வந்தது என்று, இந்தப் பத்தியைச் சென்ற வாரம் படித்தவர் ஒருவர் கேட்டிருந்தார். அப்பாவிடமிருந்து.

அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இருந்தார். நாங்கள் ஒக்கலிபுரத்தில் குடியிருந்தோம். சரக்கு வண்டிக் கதவுகளில் ஈய சீல் போட்டிருப்பார்கள். மற்றவர்கள் சீல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பா ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்ப்பார். வீட்டில் பால் பாக்கெட்டையும் அழுத்திப் பார்ப்பார். விரலில் எப்போதும் ஈயக் கறுப்பு இருக்கும். அதே கையால்தான் எங்களுக்குச் சோறு பிசைவார். அந்த வாசனையில்லாமல் எனக்கு ரசம் சாதம் ஞாபகம் வருவதில்லை.

எனக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. ஸ்ரீராம்புரத்து மாப்பிள்ளை. அடக்கமானவர், மீசையை அளவாக வெட்டியிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டை அவர் வாங்கும்போது மோதிர விரலைப் பார்த்தேன். மோதிரம் இல்லை. ஆனால் மோதிரம் கழற்றின வெள்ளைத் தடம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அது வேறு கல்யாணத்தின் மோதிரமாக இருக்கலாம். அவசரத்துக்கு அடகு வைத்த மோதிரமாகவும் இருக்கலாம். யாரும் விசாரிக்கவில்லை, அவரும் பிறகு வரவில்லை. நான் இழுத்துப் பார்த்ததில் சீல் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களை வீட்டில் உட்காரவைக்கவே தயங்கினார்கள்.

ஆனால் இங்கே விஷயம் நானல்ல, ஜெசிந்தா. முப்பதைத் தாண்டிய கணக்கு டீச்சர். முன்பு ஒரு தடவை நிச்சயமாகி, முதல் ஓலைக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டில் யாரோ எதையோ சொல்லி முறிந்தது. என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவள் ஞாயிறு பூசைக்கு எங்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். எங்கேயோ கன்னடப் பூசைக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வருவாள். ஹென்றி வந்த பிறகுதான் அவள் சிரிக்கிற சத்தம் ரீட்டா வீட்டுக்கு வெளியில் கேட்டது. இவனும் முறிந்தால் அவள் இன்னொருத்தனைப் பார்க்கச் சம்மதிக்க மாட்டாள். இவன் ஏற்கெனவே கல்யாணமானவனாக இருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவள் வாழ்க்கையை நானே டைப் அடித்துக் கெடுத்தவள் ஆவேன்.

ஃபாதரிடம் சொன்னால் ஓலை நிற்கும். நின்ற ஓலையைத் திரும்ப வாசித்து நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு போன்

ஹென்றியின் பங்கில் என்னைப் போல் அலுவலகம் பார்ப்பவர் ஆல்பர்ட். கோலாரிலிருந்து வந்தவர், பாதி கன்னடத்தில் பேசுவார். அவருக்குப் போன் போட்டேன்.

“அந்த ஹென்றிப் பையனுக்கு முன்னாடி எப்பவாவது ஓலை வாசிச்சீங்களா தம்பி?”

“இல்லக்கா. தடையில்லைன்னு லெட்டர்கூட நான்தான் டைப் பண்ணி அனுப்பினேன். கிளீன் பையன். யாக்கக்கா, ஏன் கேக்கறீங்க, ஏதாவது விஷயமா?”

“விஷயம் ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்.”

“சும்னே கேக்கற ஆளா நீங்க?” என்று ஆல்பர்ட் சிரித்தார்.

அவர் சிரித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பங்கு அலுவலகத்துக்காரர்கள் வாயை எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே வாய்தானே.

சனிக்கிழமை காலையில் ரீட்டா அலுவலகத்துக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, ஹென்றி பங்குக்கு நீ போன் பண்ணியா?”

“பண்ணேன்.”

“அவங்க அம்மா எனக்குப் போன் பண்ணி அழறாங்க. எங்க புள்ள மேல டவுட்டுன்னா நாளைக்கு ஓலைய நிறுத்திடுங்க, எங்களுக்கும் மானம் இருக்குன்றாங்க. நான் என்னா பதில் சொல்றது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மேலே போனாள்.

“உனக்குத்தான் ஓலை வாசிக்கற கொடுப்பினை இல்ல. என் பொண்ணுக்கும் இல்லாமப் பண்ணிடாதக்கா.”

அவள் என் தங்கை. அவளுடைய ஓலையை நான் இதே மேஜையில் கையால் எழுதினேன். இத்தனை காலத்தில் ஒருநாளும் அவள் அப்படிப் பேசியதில்லை. பேசவில்லை என்றாலும் மனதில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

“இங்க வா” என்று அவளை மானிட்டருக்கு முன்னால் உட்காரவைத்து, ‘ஹ’ அடித்துக் காட்டினேன்.

ரீட்டா திரையைப் பார்த்தாள். கோபம் மெல்ல இறங்கி, அந்த இடத்தில் பயம் ஏறுவதைப் பார்த்தேன்.

“இது எப்படிக்கா?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

“இன்னொருவாட்டி அடி.”

அடித்தேன். மறுபடியும் அதே பெயர்.

அம்புக்குறி

ஜெசிந்தாவுக்கு ரீட்டா போன் செய்தாள். மத்தியானத்துக்குள் ஜெசிந்தாவும் ஹென்றியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். கோயிலில் மறுநாள் பூசைக்காகப் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார்கள். பினாயில் வாசனை அலுவலகம் வரை வந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

சுற்றி வளைக்கவில்லை. ஹென்றிக்கு எதிரிலேயே ‘ஹ’ அடித்தேன்.

“நீ இங்க ஓலை குடுத்ததே இல்லன்ற. இந்தக் கம்ப்யூட்டருக்கு உன்னை எப்படிடா தெரியும்?”

ஹென்றி குனிந்து பார்த்தான். முதலில் பெருமூச்சு விட்டான். பிறகு சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

“நான்தான் ஆன்ட்டி அது.”

“எது?”

“ஓசியில போட்டுக் குடுத்துட்டுப் போனவன்.”

அவன் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். லீவு நாட்களில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிற கூட்டத்திலும் இருந்தவன் என்று யாரும் சொல்லவில்லை.

“உள்ள வந்ததுமே அந்தப் பெங்குவின் பறவை ஸ்டிக்கர் தெரிஞ்சுபோச்சு, அது நாங்க ஒட்டறது. சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க, அவன் என் கையில மாட்டட்டும்னீங்க. மூணு ஓலையும் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.”

ரீட்டா ‘மாதாவே’ என்று நாற்காலியில் சாய்ந்தாள். நான் சாயவில்லை. சீல் இருக்கிறது, சரி. இழுத்துப் பார்க்க வேண்டாமா?

“மாப்பிள்ளை கட்டத்துல உன் பேர எதுக்கு அடிச்சே?”

“தமிழ் எழுத்து ஒழுங்கா விழுதான்னு பாக்க, கைக்கு வந்த பேர அடிச்சேன். அப்புறம் பதிவ அழிச்சுட்டேன். பிரவுசர் ஞாபகத்துல இருக்கறத அழிக்க மறந்துட்டேன்.”

“நான் பிரைவேட் விண்டோல இல்ல இருக்கேன்?”

“அதுல நீங்க அடிக்கறத அது வெச்சுக்காது ஆன்ட்டி. ஏற்கெனவே வெச்சிருக்கறத மறக்காது.”

பதில் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“சரி. மாப்பிள்ளைக்கு உன் பேரு. பொண்ணு கட்டம்னு ஒண்ணு இருக்கே. அதுல யார் பேர அடிச்சே?”

ஹென்றி கீபோர்டைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. அதுவரை என்னை முறைத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

“சொல்லு ஹென்றி” என்றாள்.

“வேணாமே.”

“யாரு அது?”

முந்தின கல்யாணம் நின்ற அன்று கேட்ட அதே குரல்.

“நானா யோசிச்சு அடிக்கல ஜெசி. சத்தியமா. கண்ணு முன்னால இருந்தத அடிச்சேன்.” என்னிடம் திரும்பினான். “பொண்ணு கட்டத்துல கிளிக் பண்ணி, கீழ்ப்பக்கம் போற அம்புக்குறிய அழுத்துங்க. அதுல இருக்கற பேர் எல்லாம் வரும்.”

அழுத்தினேன்.

எல்லாம் வரவில்லை. ஒரே ஒரு பெயர் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தில் எத்தனையோ ஷெரின்களையும் ஜெனிஃபர்களையும் நான் அடித்திருக்கிறேன். ஒருத்தியையும் அது வைத்துக்கொள்ள நான் விடவில்லை. மணமகள் என்ற கட்டத்துக்குக் கீழே தனியாக நின்றது அந்தப் பெயர் மட்டும்தான்.

ஞானம்மாள்.

என் மேஜையில் ஒரு மரப்பலகை உண்டு. நீல பெயின்ட், வெள்ளை எழுத்து. ஞானம்மாள், பங்கு அலுவலகம். ஆபரேஷன் முடிந்து நான் ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பையன் அதைப் பார்த்து டைப் அடித்திருக்கிறான்.

முதலில் ஜெசிந்தாதான் சிரித்தாள். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “பெரியம்மாவயாடா?” என்று அவன் முதுகில் அடித்தாள். ரீட்டா சிரிக்கவில்லை. காலையில் அவள் சொன்னது அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். என் தோளில் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“சாரி பெரியம்மா” என்றான் ஹென்றி. ஆன்ட்டி போய்ப் பெரியம்மா ஆகியிருந்தேன். “பேர் மேல நின்னு ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேத்து அழுத்தினா போயிடும். நானே எடுத்துடறேன்.”

கீபோர்டுக்கு நீண்ட அவன் கையைத் தட்டிவிட்டேன்.

“கைய எடுடா.”

சலசலப்பு

மறுநாள் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். பெயர் ஒன்றும் மாறவில்லை. தடை சொல்ல யாரும் வரவில்லை. பெஞ்சுகளில் அந்தப் பழைய சலசலப்பு எழுந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். எத்தனையோ நாள் கழித்து ஜெசிந்தா எங்கள் கோயிலில், நடு வரிசையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் சந்தேகப்பட்டதற்காக ஹென்றியின் அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னேன். அவர்கள் பெரிய மனசுக்காரர்கள், மைசூர்பாகு கொடுத்தார்கள். ஆனால் சந்தேகப்பட்டது தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். வேறு பெண்ணின் பெயர் அங்கே இருந்திருந்தால்?

திங்கட்கிழமை வந்து முதல் வேலையாக மணமகன் கட்டத்தில் ஹென்றி பெயரை அழித்தேன். தங்கை மருமகன் பெயர் அங்கே கிடப்பது நன்றாக இல்லை. பிறகு மணமகள் கட்டத்துக்கு வந்தேன். அம்புக்குறியை அழுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். ஷிஃப்ட்டில் ஒரு விரல் வைத்தேன். இன்னொரு விரல் போகவில்லை.

இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. ‘ஞ’வில் ஆரம்பிக்கிற பெயரை இப்போது யாரும் பெண்ணுக்கு வைப்பதில்லை, அதனால் யார் கண்ணிலும் படாது. மானிட்டர் விளக்கின் மேல் பிளாஸ்திரியும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஹென்றி வந்து, கம்ப்யூட்டர் ரொம்பப் பழசாகிவிட்டது, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றான். நல்ல பையன், இப்போதும் காசு கேட்கவில்லை. துடைத்தால் அது எதையெல்லாம் மறக்கும் என்று கேட்டேன். எல்லாத்தையும் பெரியம்மா, உங்களுக்கு அதுதானே வேணும் என்றான்.

அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், நன்றாகத்தானே ஓடுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.